லெந்து கையேட்டுக்கு வந்த கட்டுரை எல்லாம் ஒரே அச்சு: எதைக் கேட்பது, எதை வெட்டுவது?

ஏற்காட்டுக் கையேடு:
எல்லாருக்கும் தோத்திரம். ஏற்காட்டிலும் சேலம் டவுனிலும் உள்ள சில சபைகளும் பங்குகளும் சேர்ந்து லெந்து நாட்களுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு, ஒரு சிறு கையேடு போடுகிறோம். சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள், ஞாயிறு ஆறும் போக 40. நாளுக்கு ஒரு தியானம். இதுவரை 23 கைக்கு வந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், 23ஐயும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது. "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே" என்று தொடங்கி, ஒரு வசனம், ஒரு கஷ்டம், ஒரு ஜெபம், "அற்புதமாக" ஒரு விடுதலை, ஆமென். பொய் என்று சொல்ல வரவில்லை. எந்த ஊர், என்ன தொழில், எத்தனை நாள் என்று ஒன்றுமே தெரியவில்லை. நம்ம ஊர் மண் ஒட்டின மாதிரி, உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்ல என்ன கேட்க வேண்டும்? திருத்தும்போது எதில் கை வைக்கலாம்?

பிழைதிருத்தி:
முதலில் அளவை முடிவு பண்ணுங்க, பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். டெம்மித் தாளில் எட்டில் ஒன்று அளவு, 12 பாயின்ட் எழுத்து, வரிகளுக்கு நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 160, 170 தமிழ்ச் சொல். ஒரு தியானத்துக்கு இரண்டு பக்கம். வசனத்துக்கும் முடிவு ஜெபத்துக்கும் இடம் விட்டால் கட்டுரைக்கு 250 சொல்தான் மிஞ்சும். வீட்டு ஜெபத்தில் ஒருவர் சத்தமாக வாசித்தால் இரண்டரை, மூன்று நிமிஷம். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் நெளியும்.

250 என்று கறாராகச் சொல்லிவிட்டால் "பிரியமானவர்களே" தானாக உதிரும். உதிராவிட்டால் முதல் பத்தியை முழுசாக எடுத்துவிட்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பாருங்க. பத்தில் எட்டுக் கட்டுரையில் ஒன்றும் குறையாது. தொண்டையைக் கனைத்துக்கொள்ளத்தான் முதல் பத்தி.

அடுத்தது, கஷ்டத்துக்கும் விடுதலைக்கும் எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்க. சாட்சி, அதாவது கடவுள் தனக்குச் செய்ததை, எழுதுகிறவர்கள் கஷ்டத்துக்கு இருபது வரி கொடுப்பார்கள். விடுதலைக்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியில்தான் "அற்புதமாக", "ஆச்சரியவிதமாக", "சொல்லி முடியாத" எல்லாம் வந்து குவியும். அந்தச் சொல் வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதினவருக்கே திருப்பி அனுப்புங்க: என்ன நடந்தது? யார் வந்தார்? என்ன கிழமை? கையில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி? பாக்கியைக் கேட்க மறக்காதீங்க. கடன் தீர்ந்த சாட்சிகளில் பாக்கி நிற்பதை யாரும் எழுதுவதில்லை. வாசிக்கிறவன் நம்புவது அதை வைத்துத்தான்.

செவ்வாய்ப்பேட்டை மூசை:
ஒரே கேள்வி. வந்த 23இல், வெள்ளியைப் புடமிடுகிறவர் அதில் தன் முகம் தெரிகிற வரைக்கும் காய்ச்சுவார் என்ற கதை எத்தனையில் இருக்கிறது?

ஏற்காட்டுக் கையேடு:
மூன்றில். மூன்றிலும் மல்கியா 3:3.

செவ்வாய்ப்பேட்டை மூசை:
அப்படித்தான் நினைத்தேன். கொலுசு செய்கிற ஊரில் இதை அச்சடித்தால் பட்டறைக்காரர் சிரிப்பார்.

இங்கே பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். பழைய கொலுசை மூசையில், அதாவது உருக்குகிற கிண்ணத்தில், போட்டு, வெங்காரம் தூவி உருக்குவார்கள். வெங்காரம் அழுக்கையும் கசடையும் இழுத்துக்கொண்டு மேலே கண்ணாடிக் குழம்பு மாதிரி மிதக்கும். அதை ஒதுக்கிவிட்டு அச்சில் ஊற்றுவார்கள். இது சுத்திகரிப்பே இல்லை. உள்ளே கலந்த செம்பு உள்ளேயேதான் இருக்கும், பற்றாசில் இருந்ததும் பெரும்பாலும் அதிலேயே கலந்துவிடும். டச், அதாவது வெள்ளியின் சுத்த அளவு, ஏறாது. உருக்கினாலே சுத்தமாகிவிடும் என்று எழுதினால் அதுவே முதல் பிழை.

வேதத்தில் சொல்லுகிற புடம் வேறு. வெள்ளியோடு ஈயத்தைச் சேர்த்து, எலும்புச் சாம்பல் மாதிரி உறிஞ்சுகிற கிண்ணத்தில் வைத்து, மேலே காற்று ஊதிக் காய்ச்சுவது. ஈயம் காற்றோடு சேர்ந்து ஈய ஆக்ஸைடாகி, செம்பையும் மற்றதையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். வெள்ளி மட்டும் மேலே நிற்கும். கடைசியில் மேலிருக்கும் படலம் கிழிந்து வெள்ளி ஒரு கணம் பளிச்சென்று மின்னும். முகக்கதை அந்த மினுக்கிலிருந்து கிளம்பியிருக்கலாம். ஆனால் வெள்ளி உருகுவதே 962 டிகிரியில். அந்தச் சூட்டுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய் யாரும் பார்க்க மாட்டான். வசனத்திலும் முகம் என்ற பேச்சே இல்லை.

வசனத்தில் இருப்பது "உட்கார்ந்து" என்ற சொல். அதை ஏன் யாரும் எழுதுவதில்லை? எழுந்து போக முடியாத வேலை அது. சூடு குறைந்தால் ஈயம் பாதியிலேயே உறைந்து கிண்ணம் வீண். சூடு மிஞ்சினால் வெள்ளியே கொஞ்சம் ஆவியாகப் போகும், கிண்ணமும் கொஞ்சம் குடிக்கும். மினுக்கு வந்த பிறகும் எழுந்திருக்கக் கூடாது. உருகின வெள்ளி காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்து உள்ளே வைத்திருக்கும். சட்டென்று ஆறவிட்டால் உறையும்போது அது பீறிக்கொண்டு வெளியே வந்து, வெள்ளி முத்து முத்தாகத் தெறிக்கும். மெதுவாகத்தான் ஆற்ற வேண்டும்.

இதை 250 சொல்லில் எழுதி நிறுத்தச் சொல்லுங்க. "ஆகவே நாமும்" என்று கீழே ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று. சங்கீதம் 12:6இல் "மண்குகையில் ஏழுதரம் உருக்கி" என்று வருகிறது. பாதிப் பேர் குகை என்றால் மலைக்குகை என்று நினைத்து வாசிக்கிறார்கள். அது மூசை. மண்ணால் செய்த மூசை.

பிழைதிருத்தி:
மண்குகை விஷயம் கையேட்டில் வரவேண்டும். இத்தனை வருஷம் அச்சு பார்க்கிறவர்களுக்கே தெரியாது.

சில்வர்ஓக் நிழல்:
மலைப்பக்கத்துக் கட்டுரைகளில் மழைச் சாட்சி இருக்கும், பார்த்து வையுங்க. "மழைக்காக ஜெபித்தோம், கர்த்தர் மழையைக் கட்டளையிட்டார்" என்று ஒற்றை வரி. காப்பித் தோட்டத்தில் மழை அப்படி ஒற்றை வரி இல்லைங்க.

லெந்து நாள் வருவதே பழம் பறித்து முடித்து, பூ மழைக்கு ஏங்கி நிற்கிற சமயத்தில். அரபிகாவுக்கு ஒரே வீச்சில் ஒரு அங்குலம், அதாவது 25 மி.மீ. விழுந்தால் நல்லது. விழுந்து எட்டு, பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். வெறும் தூறலாக விழுந்தால் மொட்டு பாதி விரிந்து அப்படியே நின்றுவிடும், அதற்குத் தூறாமலே இருந்திருக்கலாம். பூ விரிந்த அன்றைக்கே அடித்துப் பெய்தாலும் கெடுதல், மகரந்தம் கரைந்து போகும். பூ உதிர்ந்த பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்குள் அடுத்த மழை வர வேண்டும். இல்லாவிட்டால் பிடித்த பிஞ்சும் கொட்டும்.

அதனால் "மழை வந்தது" என்பது சாட்சியின் முடிவு அல்ல, நடு. எழுதினவரிடம் கேளுங்க: எந்த மழை? எத்தனை மி.மீ.? அடுத்ததும் வந்ததா? அடுத்தது வராமல் போன வருஷத்தைப் பற்றி எழுதுகிற ஆள் கிடைத்தால் விடாதீங்க. பக்கத்துத் தோட்டத்தில் பெய்து இந்தத் தோட்டத்தில் பெய்யாமல் போவதும் சேர்வராயன் மலையில் சாதாரணம்தான். அன்றைக்குச் சாயந்திர ஜெபத்தில் இரண்டு வீட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதை எழுதினால் யாரும் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள்.

யோவான் 15க்கும் ஒரு எச்சரிக்கை. கவாத்து என்றதும் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அங்கே இருப்பது திராட்சைக் கொடி. காப்பியில் நிழலையும் சரிபார்த்து, காய்த்து ஓய்ந்த கிளையைக் கழிப்போம். காய் பிடிப்பது போன பருவத்தில் வளர்ந்த கிளையில். திராட்சையில் வருஷா வருஷம் வெட்டுகிற அளவே வேறு, கொடியில் பெரும்பகுதி போய்விடும். காப்பியை ஒப்புக்குச் சொல்லலாம், இரண்டும் ஒன்று என்று எழுதக் கூடாது.

அஸ்தம்பட்டி வாசகர்:
தம்பிமாரே, எல்லாம் சரி. ஆனால் "கிருபை", "தோத்திரம்", "பிரியமானவர்களே" எல்லாம் ஏதோ தூசி மாதிரி தட்டிவிடப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹென்றி பவர் தலைமையில் வேதத்தைத் திருத்தி 1871இல் வந்த நடைதான் இன்றைக்கும் நாம் பழைய மொழிபெயர்ப்பு என்று கையில் வைத்திருப்பது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட அந்த நடையில்தான் ஜெபம் பண்ணுவாள். அவளுக்கு அது தேய்ந்த சொல் இல்லை, அடுப்படிச் சொல். அதை எடுத்துவிட்டுப் பத்திரிகைத் தமிழைப் போட்டால் எதார்த்தம் வந்துவிடுமா?

பிழைதிருத்தி:
ஐயா, நியாயம்தான். வெட்டச் சொன்னது சொல்லை அல்ல, அது நிற்கிற இடத்தை. எழுத ஒன்றும் இல்லாத இடத்தை அடைக்க "கிருபை" வந்தால் வெட்டலாம். "கிருபையாலே இந்த மாசம் வட்டி மட்டும் கட்டினோம்" என்று வந்தால் தொடக் கூடாது. ஒருவர் வாயில் பேசுகிற சொல்லை அவர் கட்டுரையிலிருந்து எடுப்பதும் ஒரு பொய்தான்.

நான்கு ரோடு பங்கு:
சேர்ந்து போடுகிற கையேடு என்பதால் சொல் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். சங்கீதம் எங்களுக்குத் திருப்பாடல், ஆதியாகமம் தொடக்கநூல், நடபடிகள் திருத்தூதர் பணிகள். இதெல்லாம் பரவாயில்லை, யூகித்துக்கொள்ளலாம்.

ஆபத்து 1 கொரிந்தியர் 13:13இல். பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". கவனியுங்க, "நம்பிக்கை" இரண்டிலும் இருக்கிறது, ஆனால் ஒன்றில் இரண்டாவது, மற்றதில் முதலாவது. "எனக்கு நம்பிக்கை போய்விட்டது" என்று ஒருவர் எழுதினால், சி.எஸ்.ஐ. வாசகர் சோர்ந்துபோனார் என்று எடுத்துக்கொள்வார். எங்கள் பங்கில் வாசிக்கிறவர் கடவுளையே விட்டுவிட்டார் என்று பதறுவார். எழுதினவர் எந்த மரபு என்று கட்டுரை முடிவில் ஒரு வரி போடுங்க, வசனத்துக்குக் கீழே எந்த மொழிபெயர்ப்பு என்றும். திருவிவிலியத்துக்குப் பதிப்புரிமை உண்டு, நீளமான பகுதி எடுத்தால் அனுமதி கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் எரேமியா 29:11, உங்களைப் பற்றின நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். கண்டிப்பாக நாலைந்து பேர் எழுதியிருப்பார்கள்.

ஏற்காட்டுக் கையேடு:
ஐந்து.

நான்கு ரோடு பங்கு:
ஐந்து பேரையும் பத்தாம் வசனத்திலிருந்து எழுதச் சொல்லுங்க. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் திரும்ப வரவைப்பேன் என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதைக் கையில் வாங்கின பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அதற்கு முன்னே ஐந்தாம், ஆறாம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று வருகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு முதல் நாள் அனுப்புகிற வசனமாக அது சுருங்கிவிட்டது.

கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்று பவுல் சொல்லுகிற பிலிப்பியர் 4:13ம் இதே கதி. அதற்கு முந்தின வசனத்தில் பட்டினி கிடக்கவும் தெரியும், நிறைவாக இருக்கவும் தெரியும் என்கிறார். "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினியும் சேர்த்தி.

பிழைதிருத்தி:
வியாதிச் சாட்சிகளுக்குத் தனியாக ஒரு வடிகட்டி வையுங்க, இதில் தயவுதாட்சண்யம் கூடாது. மாத்திரையை நிறுத்தினேன் என்று ஒரு வரி இருந்தாலும் அச்சுக்குப் போகக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின், வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை இவற்றைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு நிறுத்துகிறவர் உங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்த மாட்டார். மருத்துவமனை பெயர், டாக்டர் பெயர் வேண்டாம். வியாதிப்பட்டவர் எழுதினவர் அல்லாமல் வேறு ஆள் என்றால், அவர் வாய்விட்டுச் சம்மதம் சொன்னாரா என்று கேளுங்க. மருமகளுடைய குழந்தையின்மையை மாமியார் சாட்சியாக எழுதி அனுப்புவது சபைப் பத்திரிகைகளில் நடக்கிற கொடுமை.

எழுத்துரு: பாமினியில் தட்டினது வந்தால் யூனிகோடுக்கு மாற்றினதும் நம்பி விடாதீங்க. அந்தப் பழைய எழுத்துருவில் தட்டும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எளிதில் மாறிவிடும். "தெவன்", "தொத்திரம்" என்று வருவது அதனால்தான். ஜ, ஷ, ஸ, ஸ்ரீ வருகிற இடம் எல்லாம் ஒருமுறை கண்ணால் பாருங்க. வசன எண்ணை எழுதினவர் போட்டதை நம்பாமல் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கணும், பத்துக்கு ஒன்றாவது தப்பாக இருக்கும்.

மணியக்கனூர்:
இதுவரை வாசித்ததில் ஒரு சந்தேகம் அக்கா, அண்ணா எல்லாருக்கும். "உண்மையாக எழுது" என்று சொன்னதும் வருகிற கட்டுரைகள் வேறு ஒரு அச்சுக்குப் போய்விடாதா? இப்போதெல்லாம் சந்தேகத்தையும் உடைசலையும் எழுதுவதுதான் மதிப்பு என்று ஆகிவிட்டது. "நானும் விசுவாசத்தில் தடுமாறினேன்" என்று தொடங்கி, தடுமாறினதையே மேடை போட்டுக் காட்டுவது. பழைய அச்சில் எல்லாம் ஜெயம், புதிய அச்சில் எல்லாம் காயம். இரண்டிலும் மாதக் கடைசி, ரேஷன், மாமியார் கால்வலி எதுவும் இருப்பதில்லை.

நான்கு ரோடு பங்கு:
சரியான கேள்வி. அளவுகோல் வேதத்திலேயே இருக்கிறது. 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டில் முடிகிறது. 88 அப்படி முடியவில்லை. சிநேகிதனும் போனான், அறிமுகமானவர்களும் மறைந்தார்கள் என்று சொல்லி நின்றுவிடுகிறது. இரண்டையும் தொகுத்தவர்கள் விட்டுவைத்தார்கள், 88க்கு யாரும் வால் ஒட்டவில்லை. எழுதுகிறவர் 13இல் இருந்தால் 13, 88இல் இருந்தால் 88. 13இல் இருக்கிறவர் 88 மாதிரி நடிப்பதும் நடிப்புத்தான்.

நீங்கள் கேட்ட ரேஷன், கால்வலிக்கு 2 தீமோத்தேயு நாலாம் அதிகாரம். சாவு கிட்ட வந்துவிட்டது என்று தெரிந்த பவுல், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார், மாரிக்கு, அதாவது குளிர்காலத்துக்கு, முன் வா என்கிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்கிறார். அப்போஸ்தலன் கூட இருந்தும் சுகமாகவில்லை, அதற்கு விளக்கமும் எழுதவில்லை. ஏற்காட்டு மார்கழிக் குளிரில் அந்த மேலங்கியைப் பற்றி ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும். லெந்து சமயத்தில் குளிர் குறைந்துவிடுமே, அது வேறு விஷயம்.

ஏற்காட்டுக் கையேடு:
சொன்னபடி ஒரு கட்டுரையில் முயன்று பார்த்தோம். முதலில் வந்திருந்தது இப்படி:

"வறட்சியின் நாட்களிலே நாங்கள் மிகவும் சோர்ந்துபோயிருந்தபோது, கர்த்தர் எங்கள் கண்ணீரின் ஜெபத்தைக் கேட்டு, அற்புதமாக ஆசீர்வாத மழையைப் பொழிந்தருளினார். அல்லேலூயா!"

கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினதும் அதே ஆள் எழுதினது:

"மார்ச் இரண்டாம் வாரம் ஒரு அங்குலம் பெய்தது. ஒன்பதாம் நாள் பூத்தது. நன்றி செலுத்தினோம். அடுத்த மழைக்கு 31 நாள் ஆனது. பிஞ்சில் பாதி கொட்டிவிட்டது. பறிப்புக்கு வருகிற நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் இந்த வருஷம் வேலை சொன்னோம். மழைக்காகச் செலுத்தின நன்றியைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கவும் தோன்றவில்லை. அந்த இரண்டு பேருக்காக இப்போது ஜெபிக்கிறோம்."

அஸ்தம்பட்டி வாசகர்:
இரண்டாவது நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். "செலுத்தின நன்றி" என்று பழைய சொல்லும் தங்கியிருக்கிறது.

சில்வர்ஓக் நிழல்:
31 நாள் என்றால் பாதி கொட்டுவது சரியான கணக்குத்தான். ஒரு திருத்தம்: "பறிப்புக்கு வருகிற நாலு பேர்" என்றால் ரொம்பச் சின்னத் தோட்டம். எத்தனை ஏக்கர் என்று ஒரு சொல் சேர்த்தால் மலைக்காரர்கள் சந்தேகப்பட மாட்டார்கள்.

மணியக்கனூர்:
அந்த இரண்டு பேருக்கு ஜெபம் மட்டும்தானா என்று வாசிக்கிறவர் கேட்பாரே?

பிழைதிருத்தி:
கேட்கட்டும். ஏக்கர் கணக்கைக் கேட்கும்போது அதையும் எழுதினவரிடமே கேளுங்க. ஏதாவது செய்திருந்தால் எழுதுவார், இல்லாவிட்டால் அப்படியே விடுங்க. நீங்களாக ஒரு மூட்டை அரிசியை உள்ளே நுழைக்காதீங்க.

ஏற்காட்டுக் கையேடு:
சரி. கடைசியாக அச்சகத்துக் கேள்வி. 40 தியானத்துக்கு 80 பக்கம். முன்னுரை, பொருளடக்கம், மண்குகைக் குறிப்பு எல்லாம் எங்கே வைப்பது?

பிழைதிருத்தி:
80 என்றால் 16 பக்கப் பாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற கட்டு, சரியாக ஐந்து. ஒரு பக்கம் கூடினாலும் அடுத்த பாரம் வரும், இல்லாவிட்டால் நாலு பக்கத் துண்டு ஒட்டணும், இரண்டுமே செலவு. முன்னுரையை முன் அட்டையின் உள்பக்கம் போடுங்க, 120 சொல்லுக்குள். பொருளடக்கம் வேண்டாம், தேதி வரிசையில்தானே வருகிறது. 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாளில் 80 பக்கத்துக்கு நடுவில் பின் அடித்தால் புத்தகம் வாயைத் திறந்துகொண்டு நிற்கலாம். அட்டையைக் கொஞ்சம் கனமாகப் போட்டு, முதுகில் பசை வைத்து ஒட்டச் சொல்லுங்க. பசைக்கு உள்ஓரம் கூடுதலாக விட வேண்டும், மறந்தால் வரியின் முதல் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். மண்குகை, 1 கொரிந்தியர் 13:13 இரண்டு குறிப்பும் பின் அட்டையின் உள்பக்கம்.

செவ்வாய்ப்பேட்டை மூசை:
மல்கியா கட்டுரை மூன்றில் இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒன்றை மட்டும் வையுங்க. அச்சுக்கு முன்னே ஒருதரம் எனக்கு அனுப்புங்க, பட்டறையில் சத்தமாக வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.